முதுகெழுத்து

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த வெண்கரை நாட்டில், குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதற்கு முன்பே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். யாராவது எதிரே வந்து நின்று "அரியணை கேட்கிறது" என்று சொன்னால், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க வேண்டும். நிற்பவர் இன்னும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பாதிச் சாப்பாட்டில் இருப்பவர்கூட எச்சில் கையோடு எழுந்துவிடுவார். கேட்பவர் நிஜமாகவே அரண்மனை ஆள்தானா என்று திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு. அப்படிக் கேட்டவர் எவரும் அந்நாட்டு வரலாற்றில் இல்லை. இந்தப் பழக்கத்தைப் பற்றி வெண்கரை மக்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நாட்டை ஆண்ட குணபாலர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்னர். ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் வரும். ஒவ்வொரு முறையும் அவரே வெல்வார். வாக்கு இரகசியமானது என்று சட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

மக்கள் தம் சேமிப்பு முழுவதையும் அரசுப் பொக்கிஷத்தில்தான் வைக்க வேண்டும். அதற்கு அடையாளமாக உள்ளங்கை அளவில் ஒரு செப்புத் தகடு கொடுப்பார்கள். தகட்டின் முன்பக்கம் ஓர் எண் இருக்கும். பின்பக்கம் பொடியாக மூன்று எழுத்து இருக்கும். அதற்கு முதுகெழுத்து என்று பெயர். உள்ளூரில் தகடு அவ்வளவாகத் தேவைப்படாது. கடல் கடந்து போகிறவர்களுக்குத்தான் அது கட்டாயம். வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் வெண்கரை நாணயத்தைக் கையாலும் தொட மாட்டார்கள். தகட்டின் எண்ணையும் முதுகெழுத்தையும் எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பொக்கிஷத்துக்கு அனுப்பினால், அங்கிருந்து அவர்களுக்குத் தங்கம் போய்ச் சேரும். பயணிக்குக் கப்பலில் இடம் கிடைக்கும். அந்த இரண்டும் தெரிந்த எவனும் தகட்டுக்காரரின் சேமிப்பை வழித்தெடுத்துவிடலாம் என்பதும் இந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது.

அஞ்சலை துறைமுகத்துக்கு வந்தது பருவக்காற்று மாறப்போகிற சமயத்தில். அவளுடைய கணவன் மாசிலாமணி கிழக்குத் தீவுக்குக் கல்லுடைக்கப் போனவன். பாறை சரிந்து இடுப்பு நொறுங்கி, அங்கே வைத்தியசாலையில் கிடந்தான். கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஊர் திரும்பியதும் நேராக அவளிடம் வந்தார்.

"மறைச்சு என்ன ஆகப்போகுது? பொழைக்க மாட்டாரும்மா. வாய் ஓயாம உன் பேரத்தான் சொல்லிக்கிட்டுக் கிடக்காரு. காத்து மாறுறதுக்குள்ள போய் ஒரு தடவ மொகத்தக் காட்டிரு."

காற்று மாறிவிட்டால் அடுத்த பருவம்வரை கப்பல் கிடையாது. அஞ்சலை தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

துறைமுகத்தில் சீட்டுக்கடை வைத்திருந்த சடையப்பன் நல்ல மனிதர். வரிசையில் நின்றவர்களிடம் தொண்டை கட்டக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்: "முதுகெழுத்த ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க முறை வரும்போது தகட்டத் திருப்பி எங்கிட்ட மட்டும் காட்டுனாப் போதும்." எல்லோரும் தலையாட்டினார்கள். அஞ்சலையும் ஆட்டினாள்.

சற்று நேரத்தில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் வரிசையோரமாக வந்தார். கனிந்த குரல். "அரியணை கேட்கிறது. வெளிநாடு போகும் பயணிகளின் தகடுகளில் கோளாறு இருப்பதாகத் தகவல். உங்கள் நன்மைக்காகவே சரிபார்க்கிறோம். எண் என்ன அம்மா? முதுகெழுத்து என்ன?"

அஞ்சலை நிமிர்ந்து நின்று இரண்டையும் சொன்னாள். அவர் நன்றிகூடச் சொன்னார். அவள் முறை வந்தபோது, பொக்கிஷத்துக்குப் போன புறா, தகட்டில் ஒன்றுமில்லை என்ற செய்தியோடு திரும்பியது.

காவல் நிலையத்தில் அதிகாரி பொறுமையாக விசாரித்தார்.

"அவர் அரியணையின் பெயரால் கேட்டாரா?"

"ஆமாங்க."

"நீ உண்மையைச் சொன்னாயா?"

"சொன்னேங்க."

"அப்படியானால் சட்டப்படி மிகச் சரியாக நடந்துகொண்டிருக்கிறாய். இதில் குற்றம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லையே!"

அந்தப் பருவத்தில் பறிகொடுத்தவர்கள் ஏராளம். அரண்மனை வாசலில் கூட்டம் கூடியது. கூட்டத்தின் சார்பில் ஒருவரை மட்டும் உள்ளே விடும்படி மன்னர் உத்தரவிட்டார். முன்னால் நின்றது அஞ்சலை. கேட்க வந்ததைக் கேட்டுவிட்டாள்.

"பெரிசா ஒண்ணும் வேணாம் சாமி. யாரு அரியணைன்னு சொல்லிக் கேட்டாலும், முதுகெழுத்த மட்டும் சொல்ல மாட்டேன்னு நாங்க சொல்லலாம்னு ஒரு உத்தரவு போடுங்க. அது போதும்."

மன்னர் இருமினார். காவல் அமைச்சர் கோட்டைநம்பி எழுந்தார்.

"மாமன்னரே, இன்று இந்தப் பெண்மணி முதுகெழுத்தைச் சொல்ல மாட்டேன் என்பாள். நாளை?"

அந்தக் கேள்வியை அவர் முடிக்கவில்லை. மற்ற அமைச்சர்களும் முடிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் வியர்த்தது. அஞ்சலையை அன்போடு வெளியே அனுப்பிவிட்டு, அன்றே முதல் ஆணையைப் பிறப்பித்தார்கள்.

முதுகெழுத்து மூன்றே எழுத்தாக இருப்பதால்தான் திருடுபோகிறது என்று அந்த ஆணை கண்டுபிடித்தது. இனி ஒவ்வொருவருக்கும் மன்னரைப் போற்றும் நான்கடிச் செய்யுள் ஒன்று முதுகெழுத்தாகத் தரப்படும். செய்யுளை மனப்பாடம் செய்ய முடியாத ஜனங்கள் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். கள்வர்களுக்கு அதன்பின் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கையைப் பார்த்தாலே போதும். ஆனாலும் மரியாதைக்காகக் கேட்டார்கள். மக்கள் எழுந்து நின்று, பிழையில்லாமல் ராகத்தோடு ஒப்பித்தார்கள்.

அஞ்சலை தனக்கிருந்த துண்டு நிலத்தை வந்த விலைக்கு விற்றாள். அந்தப் பணம் பொக்கிஷத்துக்குப் போய்த் தகட்டில் ஏறியது. இந்த முறை சடையப்பன் கடை திறக்கும் முன்பே போய் முதல் ஆளாக நின்றாள். அதற்குள் பொக்கிஷ அமைச்சர் நிதிவாணர் இரண்டாவது ஆணையை வெளியிட்டிருந்தார். அதன்படி, தகடு காட்டப்பட்டவுடன் பொக்கிஷம் ஒரு கணச்சொல்லைப் புறா மூலம் அனுப்பும். ஒரு நாழிகைக்குள் அதைத் திருப்பிச் சொன்னால்தான் தங்கம் நகரும். சொல் தவறானவர் கையில் கிடைத்துவிடாமல் இருக்க, புறா பயணியின் சொந்த வீட்டுக் கூரையில் மட்டுமே இறங்கும்.

அஞ்சலை துறைமுகத்தில் இருந்தாள். அவளுடைய கணச்சொல் இரண்டு நாள் நடைத் தொலைவில், பூட்டிய வீட்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. கப்பல் கிளம்பிப் போயிற்று. அது கடைசிக்கு முந்திய கப்பல். அவள் பொக்கிஷ அலுவலகத்தின் துறைமுகக் கிளைக்கு ஓடினாள்.

"தாயே, ஏன் பதறுகிறாய்? உன் பணம் போகவில்லையே. பத்திரமாக இருக்கிறதல்லவா?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"பணம் பத்திரமாத்தாங்க இருக்கு. அங்க கெடக்குற மனுசன்?"

"அவர் எங்கள் துறையின் கீழ் வரமாட்டார்."

அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. அவருடைய துறை பணத்துக்கானது.

வீடுகளில் கணச்சொல்லை வாங்கிய மனைவிமாரிடமும் பிள்ளைகளிடமும் தலைப்பாகைக்காரர்கள் வந்து அரியணையின் பெயரால் கேட்டார்கள். சொல்லும் போயிற்று, சேமிப்பும் போயிற்று. மன்னர் மனம் வருந்தி மூன்றாவது ஆணையில் தம் கையாலேயே முத்திரையிட்டார். குடிமக்களுக்கு இரகசியத்தைக் காக்கத் தெரியவில்லை. ஆகவே எல்லாருடைய எண்ணும் முதுகெழுத்தும் அரண்மனையின் பாதுகாப்பு மண்டபத்தில் வைக்கப்படும். கையில் பச்சை குத்தியவர்கள் சுட்டு அழித்துக்கொள்ள வேண்டும். மண்டபத்தின் ஏழு வாசலிலும் நாட்டிலேயே மிக விசுவாசமான வீரர்கள் நிறுத்தப்படுவார்கள். பயணம் போக விரும்புவோர் மனுக் கொடுத்தால், அரண்மனையே அவர்கள் சார்பில் கப்பல்காரர்களுக்குச் செலுத்தும்.

அஞ்சலை மனுக் கொடுத்தாள். கடைசிக் கப்பல் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய மனுவுக்கு மறுநாள் காலை ஆவன செய்யப்படும் என்றார்கள்.

அன்று மாலை, வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் மண்டபத்தின் முதல் வாசலுக்கு வந்தார். "அரியணை கேட்கிறது. உள்ளே இருப்பது என்ன?" என்றார். வீரர்கள் விசுவாசமானவர்கள் என்று சொன்னேன் அல்லவா? நிமிர்ந்து நின்று சொன்னார்கள். ஏழு வாசலிலும் சொன்னார்கள். கடைசி வாசலில் இருந்த வீரர் விளக்கையும் பிடித்துக் காட்டினார். விடிவதற்குள் வெண்கரை நாட்டின் சேமிப்பில் பாதி அந்நியத் துறைமுகங்களில் தங்கமாக மாறிவிட்டது. அஞ்சலையின் துண்டு நிலமும் அந்தப் பாதியில் இருந்தது.

அந்த மனிதர் பிடிபட்டார். பெயர் வரதப்பன். பிடித்ததில் காவல் துறையின் சாமர்த்தியம் எதுவும் இல்லை. சந்தேகப்பட்ட ஒருவரை நிறுத்தி, "அரியணை கேட்கிறது. நீதானா?" என்று கேட்டார்கள். அவரும் வெண்கரைப் பள்ளியில் படித்தவர்தானே? எழுந்து நின்று "நான்தான்" என்றார்.

ஆனால் நீதிமன்றத்துக்குத் தர்மசங்கடம் வந்துவிட்டது. வரதப்பன் கேட்டது அரியணையின் கேள்வி அல்ல என்று தீர்ப்பளித்தால், மக்கள் இனி ஒவ்வொரு முறையும் கேட்பவர் யார் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். நெடுநேர ஆலோசனைக்குப் பிறகு தலைமை நீதிபதி தீர்ப்பை வாசித்தார்: "அரியணையின் பெயரால் கேட்பவர், கேட்கும் அந்த நேரத்துக்கு அரியணையே ஆவார். அரியணை திருடாது. எனவே திருட்டு நடக்கவில்லை."

இத்தனை பேரிடம் இவ்வளவு மரியாதையாகக் கேள்வி கேட்டுப் பழகிய ஒருவரை வீணாக்குவானேன் என்று கோட்டைநம்பி கருதினார். வரதப்பன் வரதப்பர் ஆனார். அரசுக் கேள்வித் துறையின் தலைவராகவும் ஆனார். கையோடு நான்காவது ஆணையும் வந்தது. கடல் கடந்து பணம் செலுத்துவதே ஆபத்தின் மூலம் என்பதால், இனி எவரும் கடல் கடந்து செலுத்தக் கூடாது.

"இந்த ஆணைக்குப் பிறகு, வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் செலுத்தி ஏமாந்தவர் ஒருவர்கூட இல்லை!" என்று நிதிவாணர் சபையில் முழங்கினார். கரவொலி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கடைசிக் கப்பல் போனபோது அஞ்சலை கரையில் நின்றிருந்தாள். ஏற்றிக்கொள்ளும்படி படகோட்டிகளின் காலில் விழுந்து பார்த்தாள். ஆணைக்குப் பயந்து யாரும் ஏற்றவில்லை. சடையப்பன் கடையை மூடிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் போனார். பிறகு காற்று மாறியது.

மாசிலாமணி இறந்த செய்தி அடுத்த பருவத்தின் முதல் கப்பலில் வந்தது. யார் உள்ளே வந்தாலும் அவன் தலையைத் தூக்கிப் பார்ப்பானாம். சாகும்வரை பார்த்தானாம். செய்தி கொண்டுவந்தவரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கூட யாராச்சும் இருந்தாங்களா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஆண்டு தேர்தல் வந்தது. சேமிப்பைப் பறிகொடுத்தவர்களின் வரிசை நீண்டிருந்தது. ஒவ்வொருவராகத் தனி அறைக்குள் போய், திரைக்குப் பின்னால், யாரும் பார்க்காமல் வாக்களித்தார்கள். வெளியே வருகிற இடத்தில் வழக்கம்போல ஒரு நாற்காலி போட்டிருந்தது. இந்த முறை அதில் வரதப்பர் அமர்ந்திருந்தார்.

"அரியணை கேட்கிறது. யாருக்கு வாக்களித்தீர்கள்?"

இது புதிய ஏற்பாடு அல்ல. குணபாலர் வென்ற ஒவ்வொரு தேர்தலிலும் அந்த நாற்காலி இருந்தது. வாக்கு இரகசியமானது என்ற சட்டத்தை எவரும் மீறவில்லை. மக்கள் தாமாகவே நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அஞ்சலை வெளியே வந்தாள். வரதப்பர் கனிந்த குரலில் கேட்டார். தலைப்பாகை மட்டும் மாறியிருந்தது. இப்போது ஜரிகை வைத்திருந்தார். அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சொல்ல மாட்டேன்."

தம் காதில் கோளாறு என்று நினைத்து அவர் மறுபடி கேட்டார்.

"அன்னிக்குக் கேட்ட, சொன்னேன். எம்புருசன் நாதியத்துச் செத்தாரு. இனிமே நீ எதக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நெசமா அந்த ராசாவே எறங்கி வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

வரிசை முழுவதும் அதைக் கேட்டது. வீரர்கள் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அவள் முரண்டு பிடிக்கவில்லை. எந்தக் குற்றத்துக்காக என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை. அப்படி ஒரு குற்றம் சட்டத்தில் இல்லாததால் அன்றே எழுத வேண்டியிருந்தது.

உள்ளே போகக் காத்திருந்தவர்களில் முதலாவதாக நின்றவர், வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் வரதப்பரிடம் பறிகொடுத்தவர். அவர் கையில் சுட்டழித்த செய்யுளின் தழும்பு இன்னும் மறையவில்லை. அஞ்சலை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரதப்பர் அவர் பக்கம் மெல்லத் திரும்பினார். திரும்பினாரே தவிர, எதுவும் கேட்கவில்லை.

அதற்குள் முதலாவதாக நின்ற அவர் விறைத்து நிமிர்ந்து, வரிசையின் கடைசி ஆள்வரை கேட்கும்படி மன்னரின் பெயரைச் சொன்னார். அவர் இன்னும் உள்ளே போய் வாக்களித்திருக்கவே இல்லை.