நான் வெளுத்த கடற்பாசி

கூச்சப்படுகிறவர்கள் தப்பு செய்யமாட்டார்கள் என்று யாராவது நினைத்தால் அது பொய். நாங்கள் சத்தமில்லாமல் செய்வோம், அவ்வளவுதான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் கட்டுரை எழுதுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் எழுதாவிட்டால் இந்தக் கதையை என் நாத்தனார் சொல்வார். அவர் சொன்னால் ஒரு மூட்டை மூன்று மூட்டையாகிவிடும்.

என் மகள் செல்வி அப்போது கடற்பாசியை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். (தருமபுரிக்காரிக்குக் கடல் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். எங்களுக்கு ஏரித் தண்ணீரே ஐப்பசியில்தான்.) அந்த வருஷம் கடலோரத்தில் விடாத மழை. பாசி காயாமல் அழுகிவிடும் என்று ஒரு மூட்டையைப் பஸ்ஸில் போட்டு, அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மறுநாள் பாப்பாரப்பட்டியில் தோழியின் கல்யாணம். வர மூன்று நாள் ஆகும்.

"அம்மா, உள் ரூம்ல பேப்பர் மேல பரப்பி ஃபேனப் போட்டு வுட்டுடு. நெழல்லதான் காயணும். தண்ணி படவே கூடாது" என்று நாலு முறை சொன்னாள். நானும் நாலு முறை தலையாட்டினேன்.

அவள் போன அரைமணியில் நாத்தனார் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, வூட்டுக்குள்ள கருவாடா காயுது? இந்தக் குப்பையப் பொறுக்கவா பொண்ண இத்தன வருசம் படிக்க வெச்ச? காலாகாலத்துல கட்டிக் குடு" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மகளின் பாசி குப்பையா? சுத்தம் செய்து காட்டுகிறேன் பார் என்று, கேழ்வரகு அலசுவதுபோல மூன்று தண்ணீர் அலசி, மொட்டைமாடியில் புளிக்குப் பக்கத்தில் பரப்பினேன். அதன் சிவப்பை அழுக்கென்றே நினைத்தேன். காய்ந்த பிறகும் சிவப்பு போகவில்லையே என்று மறுபடி தண்ணீர் தெளித்தேன். மறுபடி வெயில். செல்வி திரும்பியபோது பாசி சலவை வேட்டிபோல வெளுத்திருந்தது.

பெருமையாக முறத்தில் அள்ளிக் காட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஆராய்ச்சியே அந்தச் சிவப்பைப் பற்றித்தானாம்.

என்னைத் திட்டவில்லை. பேராசிரியருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பொறுப்பில்லாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா இப்படித்தான். சீசன் முடியப்போகுது. இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

"நா அப்பவே சொல்லல?" என்றார், வேடிக்கை பார்க்க வந்து நின்ற நாத்தனார்.

காஸ் சிலிண்டர்காரர் போன் செய்தாலே அடுக்களைக்குள் ஓடுகிறவள் நான். அன்று போனைப் பிடுங்கிவிட்டேன்.

"சார், அவளத் திட்டாதீங்க. வெளுத்தது நானுங்க."

"நீங்க யாரும்மா?"

"அவ அம்மாங்க. நெழல்ல வெய்யின்னுதாங்க சொல்லிட்டுப் போனா. நாந்தான் கேக்கல."

"வெயில்ல எதுக்கும்மா போட்டீங்க?"

"எங்க ஊருல தாராளமா கெடைக்கறது அது ஒண்ணுதானுங்க." (பயத்தில் வந்த பதில், கிண்டல் இல்லை.)

அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"சீசன் முடியறதுக்குள்ள திரும்பப் பொறுக்கிட்டு வந்துருவோங்க. நானும் கூடப் போறேன். அவ வேலைய ஆருக்கும் குடுக்கக் கூடாதுங்க."

"பத்து நாள்" என்று சொல்லி வைத்துவிட்டார். போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாளே பஸ் ஏறினோம். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ரசிக்க நேரமில்லை. மழை விட்ட நேரம் பார்த்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பாறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். கையிலிருந்த பாசியை விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து உள் ரூமில் பரப்பி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கதவுக்கு நானே காவல் உட்கார்ந்தேன். நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, கதவத் தொறந்தா வெளிச்சம் வரும். அப்பறமா வாங்க" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது.

செல்வி இப்போது டாக்டர். என் தலை நரைத்ததைப் பார்த்துக்கூட, "மாடியில காஞ்சியாமா?" என்று கேட்கிறாள். பேரன் பேத்திகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். போதாததற்கு, அவள் லேபில் மாணவர்களுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது: நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், அம்மாவிடம் கொடுக்காதீர்கள்.

போன மாதம் அங்கே போனபோது அதை நின்று நிதானமாகப் படித்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பேனா வாங்கி, கடைசி வரிக்குக் கீழே, 'இப்போது கொடுக்கலாம்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.