நெல் காயும் வளைவில் கோட்டு வாத்தியார்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை மதித்த ஒரே மனிதப் பிறவி எங்கள் கோட்டு வாத்தியார்தான். மற்ற எல்லோருக்கும், என்னையும் சேர்த்து, அது மிச்சப் பெயின்டை ஊற்றிவிட்டுப் போன தடம்.

அவர் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். அதற்கு முன்னால் பல வருஷம் ரோட்டில் கோடு போடும் கான்ட்ராக்டில் கொதிக்கிற பெயின்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்திருக்கிறார். கோட்டின் மேல் ஒரு சக்கரம் ஏறினால் அவர் முதுகில் ஏறின மாதிரி "ஐயோ" என்பார்.

நான் ஐம்பது வயதில் கார் ஓட்டக் கிளம்பியது ஆசையில் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி தஞ்சாவூரில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். கூப்பிட்டால் வருகிற டிரைவரோ முகூர்த்த நாளில் போனையே எடுக்க மாட்டான். இவன் வருவானா மாட்டானா என்று வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறி பிடித்துவிட்டது. வீட்டில் கார் சும்மா நிற்கிறது. நானே ஓட்டுகிறேன் என்று போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாளே சண்டை.

"அக்கா, ஏன் நடுரோட்டுல ஓட்டுறீங்க?"

"நடுவுல எங்க ஓட்டுறேன்? கோட்டு மேலதானே ஓட்டுறேன்."

"அதாங்க்கா தப்பு!"

"என்ன தப்பு? வயலுக்கு நடுவுல வரப்பு எதுக்கு இருக்கு? மேல நடக்கத்தானே? பயிருக்குள்ள எறங்கியா நடப்பாங்க?"

நாற்பது வருஷமாக வரப்பில் நடந்தவள் நான். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கோடு நேராக ஓடினால்தான் சரியாகப் போகிறோம் என்று எனக்குத் தோன்றியது. எதிரே வந்த லாரிக்காரன் என் வம்சத்தையே திட்டிவிட்டுப் போனான். நானும் திட்டினேன்.

மறுநாள் வாத்தியார் பதிலோடு வந்தார். ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் போல.

"அக்கா, வரப்பு நடக்க மட்டும் இல்ல. பக்கத்து வயக்காரன் நம்ம வயலுக்குள்ள வராம இருக்கவுந்தான். எதிர்ல வர்றவன் பக்கத்து வயக்காரன். கோடு துண்டு துண்டா இருந்தா, எதிர்ல ஆள் இல்லன்னு பாத்துட்டு அவன் வயல்ல காலை வச்சுட்டு ஓடி வந்துடலாம். துண்டு விடாம போச்சுன்னா வைக்கக் கூடாது. ரெட்டைக் கோடா போச்சுன்னா நெனைக்கவே கூடாது."

"ரெட்டைல ஒண்ணு துண்டா, ஒண்ணு நீளமா இருந்தா?"

"யார் பக்கம் துண்டா இருக்கோ அவங்களுக்கு வழி. மத்தவன் பொத்திக்கிட்டுப் போகணும்."

இப்படி யாரும் எனக்கு எதையும் விளங்கச் சொன்னதில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

அவரோடு ஓட்டுவது நரகம். அறுவடை மெஷின் ஒன்று எங்கள் முன்னால் ஆமை மாதிரி ஊர்ந்தது. நீளக் கோடு. தாண்ட விடவில்லை. பின்னால் இருபது வண்டி ஹாரன் அடித்தது. ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. மாட்டின் முகத்தில் சிரிப்பு இருந்ததாகவே எனக்குப் பட்டது. வாத்தியார் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கோட்டைப் பார்த்து, "என்னமா போட்டிருக்கான் பாருங்க, ஒரு நெளிவு இல்ல" என்றார்.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் இருந்தபோது அது நடந்தது. வியாழக்கிழமை டிரைவர் வரவில்லை, டயாலிசிஸ் தவறிப்போயிற்று. சனிக்கிழமையும் வரவில்லை. வீட்டுக்காரரால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடி மூச்சு இழுத்தார். ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் ஊர் கூடும், வேண்டாம் என்று பிடிவாதம். பதினோரு மணிக்குள் போகாவிட்டால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வாத்தியாருக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷத்தில் எல் போர்டு வண்டியோடு வாசலில் நின்றார்.

"நீங்களே ஓட்டுங்கக்கா. இனிமே நீங்கதானே ஓட்டணும். நான் பக்கத்துல இருக்கேன்."

பாதி தூரம் ஒழுங்காகப் போனேன். ஒரு வளைவில் நின்றது வண்டி. எங்கள் பக்க ரோடு முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். கோடு வரைக்கும் நெல், ஓரத்தில் கல் வரிசை. எதிர்ப் பக்கம் ஏறித்தான் போக வேண்டும். நீளக் கோடு. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது.

"நான் ஏத்தப் போறேன்."

"வேணாம்க்கா."

"யோவ், பின்னால மூச்சு இழுக்குறாரு, காதுல விழலையா? கோடாம் கோடு! எல்லாரும் ஏறித்தானே போறான்!"

"எல்லாரும் போறான். வளைவுல பஸ் வரும்க்கா."

இஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டு இறங்கி ஓடினார். என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

வாத்தியார் வளைவின் முனைக்குப் போய் நடுரோட்டில் கையை விரித்து நின்றார். அதே நொடி ஒரு பஸ் சீறிக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு முன்னால் நின்றது. நான் ஏற்றியிருந்தால் அது எங்கள் மேல் வந்திருக்கும்.

"வாங்கக்கா! வாங்க! சீக்கிரம்!"

"எப்படிய்யா வர்றது? சாவி உன் கையிலல்ல இருக்கு!"

கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின் சீட்டில் இவர் அந்த மூச்சிரைப்பிலும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி முகம் நீலம் பாய்ந்தது.

வாத்தியார் சாவியோடு திரும்பி ஓடி வர, பஸ் நகரப் பார்த்தது. நெல் கிளறிய அம்மாள் கட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நில்லுடா தம்பி! உள்ள சீக்காளி இருக்காங்க!"

பஸ் டிரைவர் தலையை நீட்டினான். "ஏம்மா, பாதி ரோட்டுல நெல்லு, மீதி ரோட்டுல டிரைவிங் ஸ்கூலா? பஸ்ஸை ஆத்துலயா வுடறது?"

முதல் தடவை இஞ்சின் அணைந்தது. இரண்டாவது தடவை பிடித்தது. கோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் ஏறினேன். பக்கத்தில் பார்த்தால் வாத்தியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருக்கிறார்.

"தாண்டியாச்சாக்கா?"

"கண்ணைத் தொறந்து பாருய்யா! நீதானே வாத்தியாரு!"

பதினோரு மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். மெஷின் கிடைத்தது. சாயங்காலம் இவர் தானே நடந்து வெளியே வந்தார். அதுவரை வாத்தியார் ஆஸ்பத்திரி வாசலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சாவியைக் குடுத்துட்டுப் போயிருக்கணும்க்கா, என் தப்பு" என்று அவர் முந்திக்கொண்டார்.

அடுத்த வாரம் லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் காரில் தனியாக இவரை ஏற்றிக்கொண்டு போன முதல் செவ்வாய்க்கிழமை அந்த வளைவு வந்தது. அதே இடத்தில் அடுத்த வயல் நெல் காய்ந்தது. வளைவின் முனையில் கோட்டு வாத்தியார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எதிர்வரும் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை இறக்கினேன். "உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேங்க்கா. போங்க, போங்க."

வியாழக்கிழமையும் அங்கே சோலி இருந்தது. சனிக்கிழமையும் இருந்தது. மூன்று வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் நான் அவரைத் திட்டிவிட்டே தாண்டினேன்.

நாலாவது வாரம் அறுவடை முடிந்து கடைசி நெல்லையும் வாரி மூட்டை கட்டிவிட்டார்கள். ரோடு சுத்தமாகக் கிடந்தது. எங்கள் பக்கம் முழுசாகக் காலி. வாத்தியாரும் இல்லை, சைக்கிளும் இல்லை. நான் வண்டியை மெதுவாக்கினேன். இன்னும் நாலு நாள் அந்த நெல்லைக் காயவிட்டிருந்தால் இவர்களுக்கு என்ன குடி முழுகிப்போயிருக்கும் என்று எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.