முன்னால் இருப்பவர் திரும்பக் கூடாது

“நீங்க முன்னாடி. அம்மா பின்னாடி,” என்றாள் படகு வாடகைக்கு விடுகிற பெண்.

மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போயிற்று. மாமியார் முன்னால் உட்காருவார், தான் பின்னால் இருந்து துடுப்புப் போட்டபடியே அவருடைய முதுகைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பதுதான் அவன் போட்டு வைத்திருந்த திட்டம். முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் அவனுக்கு இந்த ஜென்மத்தில் வரப்போவதில்லை. முதுகென்றால் பரவாயில்லை. குலுங்குகிறதா இல்லையா என்றாவது தெரியும்.

“நான் பின்னாடி உட்கார்றேனே. எனக்கு ஓட்டத் தெரியும்,” என்றான்.

“கனமானவங்கதான் பின்னாடி. அவங்கதான் படகைத் திருப்பணும். முன்னாடி இருக்கறவர் சும்மா தண்ணியை இழுத்துவிட்டா போதும்.” அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தராசு இல்லாமலே எடை போட்டுப் பழகிய கண். “இன்னொண்ணு. முன்னாடி இருக்கறவர் திரும்பவே கூடாது. இந்தக் கேனோ ஒடுங்கலான படகு, திரும்பினா கவிழும். இங்க கவிழ்ந்தவங்க அத்தனை பேரும் பேச்சுவாக்குல திரும்பினவங்கதான்.”

கடைச் சுவரில், வந்துபோனவர்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளை ஒட்டி வைத்திருந்தாள். ‘கவிழ்ந்தோம், மகிழ்ந்தோம்’ என்று ஒரு குடும்பம் எழுதியிருந்தது. ‘படகு அருமை. மனைவி மட்டும் பாதியில் இறங்கிக் கரையோரமாக நடந்தே வந்துவிட்டார்’ என்று இன்னொருவர். மாப்பிள்ளை மேற்கொண்டு படிக்காமல் லைஃப் ஜாக்கெட்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

விஷயம் இதுதான். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மாமியார் ஐந்து மாதமாக இருக்கிறார். நல்ல மனுஷி. சிக்கலே அதில்தான். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டு அனுப்பிவிடலாம். காலையில் எழுந்து எல்லாருடைய செருப்பையும் துடைத்து ஜோடி சேர்த்து வைக்கிறவரை என்ன சொல்லி அனுப்புவது?

அவன் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவன். அவனுடைய அறை மாமியாருக்குப் போய்விட்டதால் அவனுடைய மேசை துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போய்விட்டது. மெஷின் பிழிகிற நேரத்தில் கம்ப்யூட்டரில் மீட்டிங் வந்தால், “உங்க பக்கம் நிலநடுக்கமா?” என்று மானேஜர் விசாரிப்பார். அந்த நேரம் பார்த்து மாமியார் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். “இந்தத் தம்பி சாப்பிட்டாரான்னு கேளுங்க மாப்பிள்ளை. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு பாருங்க.”

இப்போதெல்லாம் மானேஜர் மீட்டிங்கை ஆரம்பிக்கும்போதே “அம்மா இல்லையா?” என்றுதான் கேட்கிறார். மூன்று தடவை அவன் கேட்டும் கொடுக்காத லீவை, மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும் கொடுத்துவிட்டார். அந்த லீவில்தான் இந்தப் படகுச் சவாரியே. அவனுக்கு வேறு எதையும்விட அதுதான் ரொம்ப வலித்தது. அறை வேண்டும், மேசை வேண்டும், மானேஜர் வேண்டும். இன்று சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் சொல்ல முடியாது.

“பெத்த பொண்ணு நான் எப்படிங்க அம்மாவைப் போன்னு சொல்றது? நீங்கதான் பக்குவமா சொல்லணும். படகுல ரெண்டு பேரும் தனியாத்தானே இருப்பீங்க,” என்று மனைவி கையைக் கழுவிவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு படகில் முன்னாலேயே போய்விட்டாள்.

படகு கிளம்பியது. அடக்கமான சின்ன ஓடைதான். இரண்டு பக்கமும் நாணல், மேலே கிளைகள், தண்ணீர் யாருக்கும் அவசரமில்லை என்பதுபோலப் போய்க்கொண்டிருந்தது. மாமியார் இதுவரை துடுப்பைத் தொட்டதே இல்லை. ஆனாலும் இரண்டே நிமிடத்தில் கை பழகிவிட்டது. அகப்பையைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்திருந்தார், படகு சொன்னபடி கேட்டது.

“அத்தை.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“ஊர்ல வீடு பூட்டியே கிடக்கே. ஏகப்பட்ட தூசி அடைஞ்சிருக்கும்ல?”

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற ஓசை மட்டும் கேட்டது.

அழுகிறாரோ? அவன் கழுத்தைக் கொஞ்சமே கொஞ்சம் சாய்த்தான். படகும் கூடவே சாய்ந்தது.

“திரும்பாதீங்க மாப்பிள்ளை,” என்றார் மாமியார். குரல் கம்மியிருந்தது.

மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “தூசி கிடந்தா கிடக்கட்டும்னு சொல்ல வந்தேன் அத்தை. வீடுன்னா தூசி இருக்கத்தான் செய்யும். அதுக்காக யாராவது அடிச்சுப் பிடிச்சு ஊருக்கு ஓடுவாங்களா?”

ஒரு வரியைச் சொல்லிவிட்டு மூன்று வரியில் வாபஸ் வாங்கியாயிற்று.

“நானும் அந்த வீட்டைப் பத்தித்தான் நினைச்சிட்டிருந்தேன்,” என்றார் மாமியார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை. எத்தனையோ நாளா வாய்வரைக்கும் வருது, வெளிய வரமாட்டேங்குது.”

மாப்பிள்ளைக்குப் பகீரென்றது. வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக இங்கேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லப் போகிறார். வேறு என்ன இருக்கும்? அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டால் அப்புறம் பிரம்மனாலும் ஒன்றும் செய்ய முடியாது. வரவிடக் கூடாது.

“இப்ப எதுவும் சொல்லாதீங்க அத்தை. வளைவு வருது. கவனமா ஓட்டுங்க.”

வளைவில் மனைவியின் படகு காத்துக்கொண்டிருந்தது. அவள் துடுப்பை உயர்த்தி, ‘சொல்லியாச்சா?’ என்று ஜாடையில் கேட்டாள். அவன் ‘இல்லை’ என்று பலமாகத் தலையை ஆட்டினான். தலையை ஆட்டியதில் தோள் ஆடியது. தோள் ஆடியதில் படகு ஆடியது. மாமியார் நிதானிப்பதற்குள் அது நாணலுக்குள் புகுந்து, மணல் திட்டில் ஏறி, சிவனே என்று உட்கார்ந்துகொண்டது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போய்விட்டாள்.

“நீங்க உட்காருங்க அத்தை, நான் தள்றேன்,” என்று அவன் இறங்கினான். இறங்கிய இடத்தில் மணல் இல்லை, சேறு. முழங்கால்வரை போயிற்று. ஒரு காலை எடுத்தால் இன்னொன்று இன்னும் ஆழமாகப் போனது. எப்படியோ உழுதுகொண்டு படகின் பின்பக்கம் வந்து சேர்ந்தான்.

அப்போதுதான் உறைத்தது. அவன் ஆசைப்பட்ட முதுகு இதோ கண்ணெதிரில் இருக்கிறது. ஆனால் அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் தலையணை மாதிரி ஒரு லைஃப் ஜாக்கெட். அதற்குள் முதுகு குலுங்கினாலும் தெரியாது, சிரித்தாலும் தெரியாது.

இனி சுற்றி வளைப்பதில் பயனில்லை. பட்டென்று போட்டு உடைத்துவிட வேண்டியதுதான்.

“அத்தை, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க வந்து ரொம்ப நாளாச்சு.”

“ஆமா மாப்பிள்ளை, ரொம்ப நாளாச்சு. அதைத்தான் நானும்...” மாமியாரின் குரல் பாதியில் உடைந்துபோனது.

போச்சு, மனதைப் புண்படுத்தியாகிவிட்டது. மாப்பிள்ளை பதறினான்.

“நான் குறையாவா சொன்னேன்? ரொம்ப நாளாச்சு, ஆனா நேத்து வந்த மாதிரி இருக்குன்னு சொல்ல வந்தேன். வீட்டுல நாளெல்லாம் யாரு எண்ணினா?”

எண்ணியது அவனேதான். மேசைக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்தே எண்ணியிருந்தான்.

“இல்ல மாப்பிள்ளை, நான் இருக்கறதால உங்க மேசைகூட அங்க ஓரமா...”

“அந்த இடம்தான் அத்தை ராசி. மெஷின் ஓடறப்ப ஒரு காத்து வருது பாருங்க, ஏசி தோத்துச்சு.”

“அப்படியா மாப்பிள்ளை?” மாமியார் ஏனோ இன்னும் சோர்ந்துபோனது மாதிரி கேட்டார்.

தன்மேலேயே வந்த கோபத்தை எல்லாம் தோளில் கொண்டுவந்து அவன் படகை ஒரு தள்ளுத் தள்ளினான். அதுவரை அசையாமல் அழும்பு பண்ணிய படகு, வெண்ணெயில் வழுக்கிய மாதிரி விடுபட்டு, அவனை விட்டுவிட்டு மாமியாரோடு கிளம்பிவிட்டது.

“அத்தை, இருங்க, இருங்க,” என்று பின்னால் ஓடினான். நாலு எட்டில் தரை முடிந்துபோயிற்று. தண்ணீர் தலைக்குமேல் போனது. ஜாக்கெட் அவனை மேலே தூக்கியது, ஓடை அவனைச் சுழற்றியது, வாய் நிறைய நாணல். நீச்சல் கற்றுக்கொள்ளச் சொல்லி மனைவி வருஷா வருஷம் சொன்னதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது.

மாமியார் படகைக் குறுக்கே திருப்பி நிறுத்தினார். துடுப்பை நீட்டினார். அவன் பிடித்ததும் இழுத்து, ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியைக் கொத்தாகப் பற்றி, தொட்டியிலிருந்து போர்வையை எடுப்பதுபோல ஒரே வீச்சில் உள்ளே எடுத்துப் போட்டார். படகு எப்படிக் கவிழாமல் இருந்தது என்று கேட்டால் கடைக்காரிக்கே பதில் தெரியாது.

அவன் படகின் அடியில் மல்லாந்து கிடந்தான். படகு கிளம்பியபிறகு முதல் தடவையாக மாமியாரின் முகத்தைப் பார்த்தான். கண் இரண்டும் கலங்கிச் சிவந்திருந்தன. அவன் தலையில் ஒட்டியிருந்த நாணலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவனுக்கு மனசு என்னவோ செய்தது. பெற்ற தாய் போய்ச் சேர்ந்தபிறகு இப்படி அவன் தலையை யாரும் தொட்டதில்லை. இந்த மனுஷியையா ஒரு மேசைக்காக விரட்டப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது. வார்த்தை தானாக வந்தது. இந்தத் தடவை அது ஒப்புக்கு வந்த வார்த்தை இல்லை.

“அத்தை, நீங்க எங்கேயும் போகக் கூடாது. அந்த ரூம் உங்க ரூம். ஆயுசுக்கும் எங்ககூடத்தான் இருக்கணும்.”

மாமியார் திகைத்துப்போனார். “மாப்பிள்ளை, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு எல்லாம் புரியுது. இருக்கேன்னு என் கைமேல அடிச்சுச் சொல்லுங்க.”

“அது இல்ல மாப்பிள்ளை...”

“சொல்லாட்டி நான் மறுபடி தண்ணியில குதிச்சிடுவேன்.”

அவன் நிஜமாகவே எழுந்திருக்கப் பார்த்தான். படகு இரண்டு பக்கமும் ஆடியது. மாமியார் அவசரமாக அவன் கைமேல் தன் கையை வைத்தார். ஓடை போகிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

“சரி மாப்பிள்ளை. நீங்க இவ்வளவு ஆசையா கேட்கறப்ப மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

நிம்மதிப் பெருமூச்சு என்று நினைத்துக்கொண்டான் மாப்பிள்ளை. அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அவன் பூரிப்பில் பேசவில்லை.

சவாரி முடிகிற கீழ்த்துறையில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாமியார் இறங்கியதும் அவர்களைத் தாண்டி, வாடிக்கையாளர்களை ஏற்றிப்போக வந்து நின்றிருந்த கடை வேனை நோக்கி நடந்துவிட்டார். மனைவி அவனை ஓரமாக இழுத்தாள்.

“என்னங்க இது கோலம்? அது கிடக்கட்டும். சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“சம்மதிச்சுட்டாங்க.”

மனைவியின் முகம் மலர்ந்தது. “அப்பாடா. எப்ப கிளம்பறாங்களாம்?”

“கிளம்பல. இருக்கறதுக்குச் சம்மதிச்சுட்டாங்க.”

“என்னது?”

“லேசுல சம்மதிக்கல. கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வச்சேன்.”

மனைவி அவனைப் பார்த்த பார்வையில் நனைந்த சட்டை காய்ந்திருக்க வேண்டும். மகள் மட்டும் கை தட்டினாள்.

“என்னைத் திட்டாதே,” என்றான் அவன். “அழறவங்களைப் போகச் சொல்ல எனக்கு மனசு வரல. நம்மளை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா? நம்மளை விட்டுப் போகணும்னு நினைச்சாலே அவங்களுக்குத் தொண்டை அடைக்குது. மேசை அங்கேயே இருக்கட்டும். மெஷினை வேணும்னா மத்தியானத்துல போட்டுக்கலாம்.”

சொல்லச் சொல்ல அவனுக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. ஊரில் எத்தனை மாப்பிள்ளைகள் இப்படி இருப்பார்கள்? மனைவிக்கும் கோபம் கொஞ்சம் இறங்கி, துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் வேன் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே அவர்கள் பக்கம் வந்தார்.

“சார், அம்மாவோட பெட்டியை என்ன பண்றதுன்னு தெரியல. காலையில உங்களையெல்லாம் ஏத்திக்க வந்தப்ப என்னைத் தனியா வீட்டுப் பின்பக்கம் கூப்பிட்டு, ‘ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டேன்பா, மாப்பிள்ளை மனசு கஷ்டப்படுமேன்னு அஞ்சு மாசமா சொல்ல முடியாம தவிக்கறேன், இன்னைக்குப் படகுல எப்படியாவது சொல்லிடறேன், இறங்கினதும் நேரா பஸ் ஸ்டாண்டுல விட்டுடு’ன்னு குடுத்தாங்க, இப்ப என்னடான்னா, ‘வீட்டுக்கே திருப்பிக் கொண்டு போயிடுப்பா, ஆயுசுக்கும் மாட்டிக்கிட்டேன்’னு வண்டிக்குள்ள உட்கார்ந்து அழறாங்க சார்.”