ஒண்டியாகக் கழற்றிய போல்ட்

எத்திராஜின் கை என் கார் மேல் படக் கூடாது. திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே இந்த முடிவை எடுத்தேன். பல் துலக்கும்போது எடுத்த முடிவை நான் மாற்றுவதே இல்லை. மாற்ற வேண்டியிருந்தால் என் மனைவி மாற்றிவிடுவாள்.

எத்திராஜ் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி வேம்புலியம்மாளின் தம்பி. கரையான்சாவடி மெயின் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். தங்கமான ஆள் என்று ஊரே சொல்கிறது. ஊருக்கு என்ன? ஊரையா அவன் அவமானப்படுத்தினான்?

எண்பத்திரண்டில் அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் என் அம்பாசடரில்தான். நாதஸ்வரக்காரரை ஏற்றி வந்தவன் நான். ஐஸ்கட்டி ஏற்றி வந்தவன் நான். மாப்பிள்ளை மறந்துவிட்டு வந்த பட்டு வேட்டிக்காக மறுபடியும் ஓடியவன் நான். பிறகு ஆல்பம் வந்தது. அறுபத்துநாலு படம். சாம்பார் வாளிக்கு ஒரு படம் இருக்கிறது. என் காருக்கு மூன்று படம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது கார் படத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை தெரிகிறது. அது நான்தான் என்று வேம்புலி ஒன்பது வருடமாகச் சாதிக்கிறாள். ஒரு மனிதனுக்கு முழங்கை அளவு மரியாதை போதுமா? அன்றிலிருந்து நான் எத்திராஜோடு பேசுவதில்லை.

இந்த நேரம் பார்த்து என் மகள் ராணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடித்து வந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை சாமிக்கு. இரண்டாவது தாய்மாமனுக்கு. பெண்ணைப் பெற்ற இருவரும் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்க் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. சாமிக்குக் கொடுத்துவிட்டேன். சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டாவது பத்திரிகையில் நின்றுவிட்டேன். மீதி முந்நூறு பத்திரிகையும் பீரோ மேல் தூசி படிந்து கிடந்தன. ராணி அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

போதாததற்குக் கார் ஆட ஆரம்பித்தது. இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் தேய்ந்துவிட்டது. கியர் போட்டால் இன்ஜின் எழுந்து நின்று உட்காருகிறது. அம்பத்தூரில் ஏறுகிற சவாரிக்குத் திருமுல்லைவாயில் வருவதற்குள் வாய் தானாக மெல்லுகிறது, வெற்றிலை போடாமலே.

“எத்திராஜாண்ட உட்டா ஒரு மணி நேரத்துல மாத்திக் குடுப்பான்,” என்றாள் வேம்புலி.

“அவன் பேரை என் ஊட்ல எடுக்காத.”

“அப்போ வண்டி ஆடிகினே கெடக்கட்டுமா?”

“நானே மாத்துவேன். இருவது வருசமா ஓட்டறேன். எனுக்குத் தெரியாதா?”

“நானுந்தான் இருவது வருசமா பல்லு தேய்க்கறேன். பல்லு புடுங்க வருமா எனுக்கு?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “பந்தயம் கட்றியா? நான் ஒண்டியா ரப்பரை மாத்திட்டா, உன் தம்பிக்கு பத்திரிகை தபால்ல போவும்.”

தாய்மாமனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினால், வராதே என்று அர்த்தம். வேம்புலிக்கு முகம் ஒரு நொடி சுண்டியது. “மாத்தலன்னா?”

“வேற எந்த ஆம்பள கையாவது இந்த வண்டி மேல பட்டுச்சின்னா, நானே தட்டை எடுத்துகினு கரையான்சாவடிக்கு வரேன். போதுமா?”

“ராணி மேல சத்தியமா?”

“சத்தியமா!”

“சரி,” என்றாள்.

அங்கேயே நான் உஷாராகி இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் வேம்புலி எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்றதில்லை.

செவ்வாய்க்கிழமை முன்சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, காருக்கு அடியில் படுத்தேன். ஜாக்கி மேல் கட்டை வைத்து இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்தேன். வலது பக்கம் நான்கு போல்ட்டும் மதியத்துக்குள் கழன்றன. இடது பக்கம் மூன்று கழன்றன. நான்காவது போல்ட் மட்டும் கழலவில்லை.

அது இருக்கும் இடம் அப்படி. கை போனால் கண் போகாது. கண் போனால் கை போகாது. இரண்டும் போனால் ஸ்பேனர் போகாது. அந்தப் போல்ட்டை அங்கே வைத்தவனுக்கும் எனக்கும் முன்பகை இருந்திருக்க வேண்டும்.

துருவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஸ்பேனரில் குழாய் மாட்டி இழுத்தேன். சுத்தியலால் தட்டினேன். போல்ட்டில் இரண்டு அடி விழுந்தால் என் கட்டைவிரலில் ஒன்று விழுந்தது. மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

மறுநாள் மதியம் காருக்கு அடியிலிருந்து கத்தினேன். “வேம்புலி! சோறு இன்னா ஆச்சு?”

“எதுல ஆக்கறது? ஸ்டவ்வுல ஊத்தறதை எல்லாம் போல்ட்டுல ஊத்திட்ட. அந்த போல்ட்டையே கொளுத்தி அது மேல ஒல வையி!”

“பசிக்குதுடி!”

“எனுக்கும் ராணிக்கும் குணசேகரன் ஊட்ல சாப்பாடு ஆச்சு. நீதான் வேற ஆளு ஒத்தாசை வாணான்னு சொல்ட்டியே.”

குணசேகரன் பக்கத்து வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கம். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை. அன்று சாயங்காலம் வந்தார். வாசலிலேயே நிறுத்தி, வண்டியைத் தொடக் கூடாது என்று சொன்னேன். பாவம், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காரை மூன்று சுற்று சுற்றி வந்தார்.

“அண்ணாச்சி, நட்டோட சேர்ந்து போல்ட்டும்லா சுத்துது! மேல ஒரு ஆளு தலையைப் பிடிக்கணும். கீழ ஒரு ஆளு நட்டைத் திருப்பணும். ஒத்த ஆளா நீங்க அடுத்த தீபாவளி வரைக்கும் திருப்பிக்கிட்டே கிடக்கலாம்.”

“டாங்கியிலயும் இப்டித்தானா?”

“டாங்கியில வாக்குவாதமே கிடையாது அண்ணாச்சி. ரெண்டு பேரு பிடிப்போம், கழட்டுவோம், டீ குடிக்கப் போவோம்.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மேலே பிடிக்க ஆள் வேண்டும். ஆள் வந்தால் பந்தயம் போகும்.

வியாழக்கிழமை காலை வேம்புலியே வந்தாள். குரலில் தேன். “நான் மேல புடிக்கிறேன்யா. ஆம்பள கைன்னுதானே பந்தயம்? நான் இன்னா ஆம்பளையா?”

இது எனக்குத் தோன்றவே இல்லை! தன் தம்பிக்கு எதிராகத் தானே வழி காட்டுகிறாள், பைத்தியக்காரி! அவள் மனம் மாறுவதற்குள் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். தலைக்கு மேலே பானெட் திறந்தது. வளையல் சத்தம் கேட்டது. கார் திடீரென்று நாலு விரல் தாழ்ந்தது.

“இன்னாடி, இவ்ளோ கனமா கீற?”

“ரெண்டு நாளா உன் பங்கையும் நாந்தான் துன்றேன். திருப்பு.”

திருப்பினேன். போல்ட் சுற்றவில்லை. மேலே பிடித்த பிடி உடும்புப் பிடி. நட்டு கால் சுற்று வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பார்த்தியா! இதே உன் தம்பியா இருந்தா, இந்நேரம் உளியால வெட்டி எறிஞ்சிருப்பான். அவனுக்கு எங்க தொழில் தெரியுது?”

சட்டென்று போல்ட் வழுக்கிச் சுற்றியது.

“இன்னா ஆச்சு?”

“கை நழுவிடிச்சி. நீ வாய மூடிகினு திருப்பு.”

மறுபடி பிடி விழுந்தது. மறுபடி கால் சுற்று. சும்மா இருக்க முடியுமா என்னால்? “கல்யாணத்துக்கு வேட்டி எடுத்தாற மறந்தவன்தானே அவன்,” என்றேன். மறுபடி வழுக்கியது. ஸ்பேனர் என் மூக்கின் மேல் விழுந்தது.

“யோவ்,” என்றாள் வேம்புலி. “அவனைத் திட்டினா எனுக்கு மனசு வெக்ஸாவுது. மனசு வெக்ஸானா கை தளந்து பூடுது. நாலு நல்ல வார்த்தை சொல்லேன். போல்ட்டு வருதா இல்லியா பாரு.”

“அவனைப் பத்தியா? எனுக்கு ஒண்ணும் ஞாபகம் வரலியே.”

“போல்ட்டு வோணுமா வாணாமா?”

பகைவனைப் புகழ்வது கஷ்டம். படுத்துக்கொண்டு, கண்ணில் துரு விழ, புகழ்வது அதைவிடக் கஷ்டம். “அவன் கல்யாணத்துல சாம்பார் நல்லா இருந்துச்சி,” என்றேன். பிடி கொஞ்சம் இறுகியது. அரைச் சுற்று.

“இன்னும் சொல்லு.”

“ராணி சின்னப் புள்ளையில ஜொரமா கெடந்தப்போ, மழையில தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.” ஒரு சுற்று முழுதாக வந்தது.

“அப்புறம்?”

“கை சுத்தமான ஆளு. ஒரு வண்டியில ஒரு நட்டு கூட மாத்தி எடுத்ததில்ல. அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

மேலே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வேம்புலி அழுகிறாள் என்று நினைத்தேன். பிடி அப்படி இறுகியது! நட்டு விறுவிறு என்று வந்து என் நெஞ்சின் மேல் விழுந்தது. பின்னாலேயே போல்ட் விழுந்தது.

“ஜெயிச்சிட்டேன்!” என்று கத்தினேன். “வேம்புலி, உன் கை கை இல்லடி, வைரம்! அந்தக் கைய எடுத்து கண்ணுல ஒத்திக்கணும் நானு!”

வெளியே ஊர்ந்து வந்து எழுந்தேன். வேம்புலி கைக்கு எட்டாத தூரத்தில் நின்று வளையலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். மட்கார்டு மேல் கால் தரையில் படாமல் குப்புறப் படுத்திருந்தான் எத்திராஜ். முழங்கை வரை கிரீஸ். கண் கலங்கியிருந்தது.

“ஒத்திக்கிறீங்களா மாமா?” என்று கையை நீட்டினான்.

நான் வேம்புலியைப் பார்த்தேன். அவள் வாசற்படியைக் காட்டினாள். அங்கே தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், பூ. மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. பக்கத்தில் ராணி, சிரிப்பை முந்தானையால் அடக்கிக்கொண்டு.

“ஆம்பள கைதானே அது? நல்லா பார்த்துக்கோ. புள்ள மேல சத்தியம் பண்ணிகீற.”

மகள் மேல் செய்த சத்தியம். என்ன செய்வது? எத்திராஜ் ஒரு மணி நேரத்தில் புது ரப்பரை மாட்டி முடித்தான். அவனே வண்டியை ஓட்டினான். நான் பின்சீட்டில் வேம்புலி பக்கத்தில், மடியில் தட்டோடு, அவன் வீட்டுக்கே அவனை அழைக்கப் போய்க்கொண்டிருந்தேன். கார் துளிகூட ஆடவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

கரையான்சாவடி நெருங்கும்போது, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவனிடம் முதல் வார்த்தை பேசினேன். “எது எப்டியோ, அந்த நாலாவது போல்ட்டைக் கீழேர்ந்து கழட்டினது நான். அதை மறந்துடாத.”

“மறப்பனா மாமா?” என்றான் எத்திராஜ், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “ஆனா ரப்பர் மாத்தறதுக்கு அந்த போல்ட்டைக் கழட்டவே வாணாம். செவ்வாக்கெழமையே அக்கா ஷெட்டாண்ட வந்து கேட்டப்போ சொன்னேன். அதுதான் ‘வியாயக்கெழம வரைக்கும் கழட்டட்டும், பொறவு நீ வந்து மேல புடி’ன்னு சொல்டிச்சி.”