நோட்டாவை எதிர்த்து ஒரு மாமனார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தனபால் அவர்களுக்கு,

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து மாமனார் வேலுமணி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை சென்னியம்மாள், பண்ணையில் கோழிகள் எல்லாரும் சுகம். அங்கே சேலத்தில் தாங்களும் எங்கள் மகள் தனப்பிரியா பாப்பாவும் சுகமாக இருக்க மாரியம்மன் கண் பார்க்கட்டும். போனில் பேசினால் பாதியில் உங்கள் அத்தை பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

முதலில் நன்றி. தாங்கள் வக்கீல் தொழிலைப் பாதியில் விட்டுவிட்டு, தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும், அரசாங்கக் காரியம் ஒளிவுமறைவில்லாமல் நடக்க வேண்டும் என்று சங்கம் வைத்து மனுக் கொடுத்து அலைந்தபோது நான் வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை, மாப்பிள்ளை ஆயிற்றே. இப்போது தாங்கள் கேட்ட விதிகள் வந்தே விட்டன. வந்த கையோடு உங்கள் மாமனார் தலையில்தான் விழுந்தன.

எங்கள் ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியும். ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தால் பெரியவர்கள் கோயிலில் கூடி ஒருவரைச் சொல்வார்கள், மற்ற ஆண்கள் எல்லாம் தாங்கள் நிற்பதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்கள், சொன்ன ஆள் போட்டியில்லாமல் தலைவர். இந்த முறை என்னைச் சொன்னார்கள். நானும் மாலைக்குச் சொல்லி, மைக்செட்டுக்குச் சொல்லி, கிடா விருந்துக்கும் சொல்லிவிட்டு மனுத்தாக்கல் செய்யப் போனால், தேர்தல் அதிகாரி உஷாராணி அம்மா சிரித்துக்கொண்டே, "ஒத்தை ஆளா நின்னாலும் இனிமே ஓட்டு நடக்குமுங்க. நோட்டாதான் உங்களுக்கு எதிர்ப்போட்டி. அதுக்கு அதிகமா உழுந்தா மறுபடியும் தேர்தலுங்க" என்கிறார். கோயில் பெரியவர் பெரியசாமியிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அந்த நோட்டாவையுங் கூட்டியா வேலுமணி, கற்பூரம் அணைக்க வெச்சுப்போடலாம்" என்றார்.

மனுசனாக இருந்தால் மாமன் மச்சானை விட்டுப் பேசலாம். இதற்குப் பெண் எடுத்த ஊரும் இல்லை, கொடுத்த ஊரும் இல்லை. தோற்றுப்போனால் மோகனூரில் இருக்கும் தங்கள் அப்பா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எதிரில் ஆளே இல்லாமல் தோற்றவன் என்றல்லவா விசேஷ வீடுகளில் என்னைக் காட்டிப் பேசுவார்கள்? எனவே வேறு வழியில்லாமல், பிறந்ததிலிருந்து ஓட்டுக் கேட்டே பழகாத நான் வீதியில் இறங்கினேன். கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்றுகூடத் தெரியவில்லை, தந்திக் கம்பத்தையும் கும்பிட்டதாக உங்கள் அத்தை சொல்கிறாள். இதற்கு நடுவில் கேரளாவுக்குப் போகும் என் முட்டை லாரியைப் பறக்கும் படை மடக்கி, வாக்காளர்களுக்குக் கொடுக்கத்தானே இவ்வளவு முட்டை என்று கேட்டது. கோழிப்பண்ணையில் முட்டை இருப்பது இயற்கைதான் என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் ஒரு தட்டு முட்டையை நானே பதற்றத்தில் கீழே போட்டு உடைத்துவிட்டேன்.

எனக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். நோட்டீஸோடு மேற்குத் தெருவுக்குள் போனேன். அந்தத் தெருக் காளியப்பனின் மருமகள் கயல்விழி, நாமக்கல்லில் தனியார் பள்ளியில் டீச்சராக இருப்பவர், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாங்க, நெசமான சின்னத்தைக் காட்டறேன்" என்று தெருமுனைக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த குழாயில் ஓணான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. "இதுல தண்ணி வந்து எந்தக் காலமோ ஆச்சுங்க. ஓட்டே நடக்காத ஊருல நாங்க யாருகிட்டங்க போயிக் கேக்கறது?" என்றார். சுற்றி நின்ற பெண்கள் காலிக் குடத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருந்தது.

இங்கேதான் தங்களுடைய இன்னொரு விதி கைகொடுத்தது. மனு யார் மேசையில் இருக்கிறது என்று பெயரோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போட வேண்டுமாமே? மேற்குத் தெருக்காரர்கள் கையெழுத்தோடு ஒரு மனு கொடுத்தோம். மனு போய் உட்கார்ந்த இடத்தில் இருந்த அதிகாரியின் பெயரைச் சுவரில் எழுதினார்கள். டீக்கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அதைச் சத்தமாக வாசித்தார்கள். மறுநாளே அந்த மனிதர் ஆட்களோடு வந்து, ரோட்டடியில் நசுங்கிக் கிடந்த குழாயைத் தோண்டி மாற்றிவிட்டார். தண்ணீர் வந்தபோது அந்தத் தெருவில் எழுந்த சத்தத்தைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். கயல்விழி டீச்சர் முதல் சொம்புத் தண்ணீரை எனக்குக் கொடுத்தார். குடித்தேன், கண் கலங்கிவிட்டது. இத்தனை வருசம் பக்கத்தில் இருந்தும் அந்த வீட்டு வாசலில் நான் நின்றதில்லை. நிற்க வைத்தது தாங்கள்தான். தங்களைப் போல ஒரு மாப்பிள்ளை கிடைத்ததற்கு மனசார நன்றி.

ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. நான் ஜெயிப்பது உறுதி. பார்க்கிற எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கிடா விருந்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடவும். தங்கள் அப்பாவையும் கூட்டிவரவும். பாப்பாவுக்கும் தங்களுக்கும் எங்கள் ஆசி. சங்கத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு, நன்றி மறவாத மாமனார்
வேலுமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். நோட்டா ஜெயித்துவிட்டது. மறுதேர்தலாம். கயல்விழி டீச்சரும் நிற்கிறாராம். கற்பூரம் அணைக்கப் பெண்களை யாரும் கூப்பிடவில்லையே, அதனால் சத்தியம் எதுவும் தடுக்காதாம். என்மேல் ஊருக்கு என்ன கோபம் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்கிறாள்: "கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மேக்கால தெருவுக்குத் தண்ணி வந்துருச்சு. நம்ம தெருச் சாக்கடை அப்பிடியேதான கெடக்குது? நீங்க செயிச்சு உக்காந்துட்டா அப்பறம் யாரு வந்து பாப்பாங்க? அதான் நானும் நோட்டாவுக்கே குத்திப்போட்டனுங்க." மேலே எழுதிய நன்றிகளை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாக்கடைக்குக் கிளம்புகிறேன்.