லைனில் போட்ட பிள்ளை

பழனிசெட்டிபட்டி,
வியாழக்கிழமை.

அன்பு மாப்பிள்ளை கோட்டைச்சாமிக்கு, செல்லப்பாண்டி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா அன்னத்தாயும் உடம்புக்கு நலம், மனசுக்கு நலமில்லை. தேவதானப்பட்டியில் நீங்களும் தங்கச்சியும் மருமகள் திரிஷாவும் நலமாக இருக்க வீரபாண்டி மாரியம்மன் துணை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைக்க வேண்டாம். முக்கியமான எதுவும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது மின்கம்பம் ஏறிய முப்பத்தொரு வருடப் பழக்கம்.

என் மகன் சூரியபிரகாஷுக்கு ஆண்டிபட்டி ஏஜென்சியில் வேலை வாங்கிக் கொடுத்தது நீங்கள். "பில்லு போடுற வேலைதான் மச்சான், ஃபேனுக்கடியில உக்காந்திருப்பான்" என்று சொன்னதும் நீங்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் அனுப்பினேன். இருபத்துநாலு வயதாகியும் அவனை நான் ஃபியூஸ் கட்டையைத் தொட விட்டதில்லை. வீட்டில் பல்பு மாட்டுவதுகூட நான்தான். காரணம் உங்களுக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த பலவேசம், சப்ளை நிறுத்திய லைன் என்று நம்பித்தான் கம்பியைத் தொட்டார். எங்கோ ஒரு கல்யாண வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பி வந்துவிட்டது. அவரைக் கீழே இறக்கிய கை என்னுடையது.

அப்படி இருக்க, போன மாதம் பையன் போன் பண்ணி, "அப்பா, என்னைய லைன்ல போட்டுட்டாக" என்கிறான், சந்தோசமாக! "ஏலே, கையில கிளவுஸ் இருக்கா?" என்றேன். "கிளவுஸு எதுக்குப்பா, எல்லாம் வெறுங்கைதான்." "ஆஃப் பண்ணிட்டுத்தான ஏறுற?" "ஆஃப் பண்ண எங்க நேரம்? ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஏறிர வேண்டியதுதான்." மேலே கேட்பதற்குள் கட்டாகிவிட்டது. மறுநாள், "இன்னைக்கு வருசநாடு லைன்ப்பா, ரொம்ப டல்லு" என்றான். டல்லாக இருக்கும் லைன்தான் மாப்பிள்ளை ஆளை ஏமாற்றும். அடுத்த வாரம், "ரெண்டு லைனையும் ஒருத்தனாப் பாக்கச் சொல்லிட்டாக" என்கிறான். ரெண்டு லைன் ஒரு ஆளிடம் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து வீட்டில் மெயினை அணைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாவாட்ட முடியாமல் உங்க அக்கா, "ஆண்டிபட்டில இருக்கற பிள்ளைக்கு இங்கன அணைச்சு என்னங்க ஆகப் போகுது?" என்று கத்துகிறாள். ஆனாலும் கை சுவிட்சுக்குப் போக மாட்டேங்குது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் பெரிய பயம். என்னிடம் பேசிவிட்டுப் போனை வைக்க மறந்துவிட்டான். கூடத் தங்கியிருக்கும் மாரிசெல்வத்திடம் அவன் சொல்வது அப்படியே கேட்கிறது: "தேவதானப்பட்டி லைன் ரெண்டு மாசமா செத்துக் கெடந்துச்சுடா. நேத்துத்தான் உசுரு வந்துச்சு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஷாக்கு!" அதற்கு அந்தப் பாவிப் பயல் என்ன சொல்கிறான் தெரியுமா? "விட்றாதலே, கெட்டியாப் பிடிச்சுக்க!" உயிருள்ள லைனைப் பிடிக்கச் சொல்கிறான் மாப்பிள்ளை! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆள்கள் ஓடி வந்துட்டாக. அன்னிலருந்து சோறு இறங்கலை.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் பிள்ளையை லைனிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டியது. தவறினால் நம் ரெண்டு வீட்டுக்கும் இனிமேல் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உங்கள் வாசல்படியை நான் மிதிக்க மாட்டேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். மருமகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
செல்லப்பாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பையனே வந்துவிட்டான், வேன் நிறைய பிஸ்கட் பெட்டியோடு. வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்குச் சரக்குப் போடுவதற்குப் பேர் லைனாம். டல் என்றால் விற்பனை இல்லையாம். மெயினைப் போட்டுவிட்டேன். ஆனால் முப்பத்தொரு வருடம் லைன் பார்த்தவன், சும்மா விடுவேனா? அவன் லைன் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வருசநாடு இருக்கிறது, கடமலைக்குண்டு இருக்கிறது, தேவதானப்பட்டி இல்லை. "அது எந்த லைன்லே?" என்றேன். பையன் பிஸ்கட் பெட்டியை எண்ண ஆரம்பித்துவிட்டான். உங்க அக்காதான், "கரண்டு லைனைத் தவிர வேற லைனே தெரியாதா உங்களுக்கு? அது என் தம்பி மக திரிஷாங்க" என்றாள். இப்போது முன்னைவிட அதிகமாக நடுங்குகிறது. கம்பத்தில் ஏறுமுன் சப்ளை நிறுத்தியாச்சு என்று எழுதி வாங்குவோம், லைன் கிளியர் என்று பேர். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உங்கள் வாசல்படியை மிதிக்க நானும் உங்க அக்காவும் தேங்காய் பழத்தோடு புறப்பட்டு வருவதற்கு முன்னால், அதுபோல் ஒன்று உங்கள் கையெழுத்தில் வேண்டும். மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிடவும். "மருமகள் திரிஷா" என்று எழுதிய இடத்தை மட்டும் அடிக்க வேண்டாம்.