எண்ணெய் ஆகாது

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், மன்னிக்கவும். எழுத்துப் பிழையும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதிலும் ஒற்றுப் பாடம் நடத்திய அன்று எனக்குக் காய்ச்சல். ஆகவே க், ச் எல்லாம் படிக்கிறவர்கள் அவரவர் வசதிப்படி போட்டுக்கொள்ளவும். (எங்காவது சரியாக இருந்தால் அது என் மகள் திருத்தியது.)

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் எடை போடுகிறேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. தராசே பேசிவிடும்.

என் மகளைப் பெண் பார்க்க இலத்தூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். வயிறு இருக்க வேண்டிய இடத்திலும் அவருக்கு நெஞ்சுதான் இருந்தது. எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்துக் கிளம்பும்போது என் வயிற்றில் லேசாகத் தட்டினார்.

"என்ன சம்மந்தி, மார்க்கெட்ல இருந்து வரும்போது ஒரு மூடையவும் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்துட்டியளா?"

வீடே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வயிறு அவளுக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

மறுநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வெங்காய மூடை போடும் தராசில் ஏறி நின்றேன். பின்னாலிருந்து ஒரு லோடுமேன் குரல் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இது எந்த ஊர்ச் சரக்கு? சாக்கு எடையக் கழிச்சிருங்க!"

அந்த வாரம் லீவில் வந்திருந்த என் மனைவியின் தம்பி போலீஸ்காரன். ஓட்டத்தில் பின்தங்கிவிடுகிறான் என்று அவனுக்கு ஒரு டாக்டர் உடம்பு மெலிய மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நான் கூச்சத்தோடு அவனிடம் கை நீட்டினேன்.

"அத்தான், எனக்கு ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் தந்தாங்க. நீங்க சுகருக்கு வேற மாத்திர போடுதிய. டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் போடணும், கேட்டியளா? பெறகு, எண்ணெய் ஆகாது. அது முக்கியம்."

மாத்திரை அட்டையைத் தந்துகொண்டே அவன் கடைசியில் சொன்னதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் மருந்து சாப்பிடுகிறவனிடம் 'எண்ணெய் ஆகாது' என்று சொன்னால், எண்ணெய் தேய்த்துக் குளிக்காதே என்று அர்த்தம். அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வருடக்கணக்காக விடாத சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அன்றோடு நிறுத்தினேன். பத்தியம் என்றால் பத்தியம்! (சீக்கிரம் மெலியட்டும் என்று மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டதைப் பத்தியக் கணக்கில் சேர்க்கவில்லை.)

வீட்டில் ரசமும் கஞ்சியும் சாப்பிட்ட நாட்களில் மாத்திரை சும்மா இருந்தது. அந்தச் சமயத்தில்தான் சம்பந்தி போன் செய்தார்.

"குத்தாலத்துல சாரல் நல்லா விழுது. நாளைக்கு வாங்க, ரெண்டு பேருமாக் குளிச்சிட்டு நிச்சயத்துக்கு நாள் குறிச்சிருவோம்."

சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே லோடுமேன்களைக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன். கல்லில் எண்ணெயில் நீச்சலடித்த பரோட்டா, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும் கோழிச் சால்னா. மறுநாள் காலையில், வயிறு ஒட்டித் தெரியட்டும் என்று இட்லியைத் தொடவில்லை. சர்க்கரை மாத்திரையையும் மெலிகிற மாத்திரைகளையும் மட்டும் விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

குற்றாலத்தில் இறங்கியதும் மசாஜ் செய்கிறவர் ஒருவர் எண்ணெய்ப் பாட்டிலோடு வழிமறித்தார். "வாங்க அண்ணாச்சி, ஒடம்பு பஞ்சு மாதிரி ஆயிரும்."

"எனக்கு எண்ணெய் ஆகாது" என்றேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

"சம்மந்திக்கு ஆகாதுன்னா எனக்கும் வேண்டாம்" என்றார் சம்பந்தி, பெருந்தன்மையாக. அவர் மட்டும் அன்று தேய்த்திருந்தால், பின்னால் வந்த பழியை அவர் எண்ணெய் மேல் போட்டு நான் தப்பியிருப்பேன்.

இடுப்பில் வெள்ளைத் துண்டோடு அருவிக்கு வரிசையில் நின்றோம். வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. காற்றுதானே என்று அசட்டையாக விட்டேன். அது காற்று மட்டும் இல்லை.

விசில் சத்தம் கேட்டது. "ஓய், வெள்ளத் துண்டு! எண்ணெய் தேச்சிட்டு அருவிக்குள்ள போகக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்குல்லா?" வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர்.

சம்பந்தி எனக்காக நெஞ்சை நிமிர்த்தினார். "சார், அவரு எண்ணெயத் தொடவே இல்ல. நான் சாட்சி."

"அப்ப பின்னால வழியுதே, அது என்ன, தீர்த்தமா?"

வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. நானும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். நேற்றைய சால்னாவை நிறத்தை வைத்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

சாரலில் நின்றபடியே எனக்கு வியர்த்துக் கொட்டியது. கண் இருட்டியது. வெட்கத்தால் என்றுதான் நினைத்தேன். பாறையில் சரியும்போது யாரோ என் தலையைத் தாங்கிப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் சம்பந்தியின் குரல் கேட்டது. என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்பிடி ஒரு சீக்கு இருக்குன்னு முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, அம்மா? குடும்பத்துல வேற யாருக்கும் உண்டுமா?"

என் மகள் கட்டில் ஓரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் கல்யாணம் என் வயிற்றோடு போய்விடும். டாக்டரையும் சம்பந்தியையும் வைத்துக்கொண்டு, மூடை என்று கேலி செய்ததிலிருந்து பரோட்டா வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தருக்கு எழுதின மாத்திரைய இன்னொருத்தர் திங்கதுக்கு அது என்ன மிட்டாயா? ஈரல், கிட்னி எல்லாம் பாத்து, வேற என்ன மருந்து போடுதியன்னு கேட்டுத்தான் தரணும். நீங்க ரெண்டு ரெண்டாப் போட்டிருக்கிய. சர்க்கரைக்கும் போட்டுட்டுப் பட்டினி வேற கெடந்திருக்கிய. சுகர் அடியோட எறங்கிட்டு. கொஞ்சம் பிந்தியிருந்தா மக கல்யாணத்துல போட்டோவாத்தான் இருந்திருப்பிய. அந்த மாத்திர சாப்பாட்டுல உள்ள எண்ணெய ஒடம்புல சேர விடாது. சேராத எண்ணெய் வெளியதான் போகும். எண்ணெய் ஆகாதுன்னு ஒருத்தரும் சொல்லலியா?"

"சொன்னாங்க சார்" என்றேன். "அதான் ரெண்டு சனிக்கிழமையா நான் தேய்க்கவே இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சம்பந்தி விறைப்பாக வெளியே நடந்து போனார். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் வராந்தாவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். சம்பந்தி கண்ணைத் துடைத்தபடி திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் ஒரு வார்த்த வெளையாட்டாச் சொன்னதுக்கா சம்மந்தி உசுரக் குடுக்கப் பாத்திய? ஒம்மத் தூக்கிட்டு வந்ததுல என் இடுப்பு போச்சு. மூடைன்னு நான் சொன்னதுல தப்பே இல்ல."

முதல் தடவையாக என் மகள் சிரித்தாள். நிச்சயத்துக்கு அங்கேயே நாள் குறித்தார்கள்.

இப்போது தினமும் நடக்கிறேன். டாக்டர் சொன்னதைத் தவிர ஒரு மாத்திரையும் தொடுவதில்லை. ஆனாலும் எந்த விசேஷத்திலும் என் இலைக்கு வடை வரும்போது பந்தியின் அந்தக் கோடியிலிருந்து சம்பந்தி சத்தம் போடுவார்: "ஏலே, அவருக்கு எண்ணெய் ஆகாது!" வடை என்னைத் தாண்டிப் போய்விடும். என் பேர் தெரியாத சொந்தக்காரர்கள்கூட 'எண்ணெய் ஆகாதவர்' என்றால் என் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

இதை எழுதி முடித்தது ஆடி மாதம், இரண்டாவது சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.